அதுவும் இதய மாத்திரைதான்

ஊர்விட்டு வந்து பிழைக்கும் நம்மவர் இல்லங்களில் பெரும்பாலும் ஒருவருக்கு இரண்டு உத்தியோகங்கள் உண்டு. ஒன்று சம்பளத்திற்குச் செய்வது. மற்றொன்று சம்பளமின்றிச் செய்யும் மொழிபெயர்ப்பு. ரேஷன் கடையிலும், பள்ளிக்கூடத்திலும், வங்கியிலும், மருத்துவமனையிலும் அவ்வூர் மொழியில் சொல்வதைத் தமிழாக்கி வீட்டாருக்குச் சொல்வதும், வீட்டார் சொல்வதை அவ்வூர் மொழியாக்கி அங்கே சொல்வதும் அவர் கடமை. நாமும் பன்னிரண்டு ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்து வருகிறோம். நன்றாகவே செய்கிறோம் என்று எண்ணியும் இருந்தோம். அவ்வெண்ணம் ஓர் இரவில் பொய்த்துப்போனதை இங்கே எழுதத் துணிகிறோம். நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிகிறோம். ஆயினும் எமக்கு நேர்ந்தது மற்றோர் இல்லத்தில் நேராதிருக்கட்டும் என்பதே இதை எழுதும் நோக்கம்.

எம் தந்தையார் கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாக்பூர் வந்து இரயில்வேயில் சேர்ந்தவர். நாம் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். இந்தியும் மராத்தியும் எமக்குத் தெருவிலேயே வந்துவிட்டன. எம் துணைவியார் அப்படியல்லர். காவிரிக்கரையில் வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவர். திருமணத்திற்குப் பின்னரே இவ்வூரை மிதித்தவர். கடைத்தெருவில் காய்கறி வாங்குமளவு இந்தி கற்றுக்கொண்டார். மருத்துவர் முன் அமர்ந்து தம் உடல்நிலையைச் சொல்லவும், அவர் சொல்வதை முழுதும் வாங்கிக்கொள்ளவும் அந்த இந்தி போதாது. அங்கே அவருக்கு வாயும் செவியும் நாமே.

முதற் குழந்தை வயிற்றில் இருந்தபோதுதான் அவருக்கு இதய வால்வில் கசிவு இருப்பது தெரிந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கிற்று. கருவுற்ற பெண்ணுக்கு அது இயல்பு என்றுதான் இருந்தோம். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்ட மருத்துவர் முகம் மாறி, எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து வயதில் தொண்டைவலியும், பின் சில வாரம் கழித்து முழங்காலிலும் கணுக்காலிலும் மாறி மாறி வீக்கமும் காய்ச்சலும் வந்தனவா என்று அவர் கேட்டார். வந்தன. ஊரில் அதை வாதக் காய்ச்சல் என்று எண்ணெய் தடவி விட்டுவிட்டார்கள். மூட்டுவலி போய்விட்டது, இதயத்தில் தழும்பு தங்கிவிட்டது.

இது எப்படி நேருகிறதென்று பின்னர் கேட்டறிந்தோம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையில் புண்ணை உண்டாக்குகிறது. அதை எதிர்க்க எழும் உடலின் படையே, இரண்டு மூன்று வாரம் சென்றபின், ஆள் அடையாளம் தவறி, மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. மூட்டுகள் தேறிவிடும், வால்வுகள் தேறுவதில்லை. இதயத்தின் நான்கு வால்வுகளில் இந்நோய்க்கு மிகுதியும் இலக்காவது, இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மைட்ரல் வால்வு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை திறந்து மூடும் இக்கதவு சரியாக மூடாவிட்டால், உடலுக்குச் செல்லவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு மேலறைக்கே திரும்புகிறது. அங்கே தேக்கம் மிகுந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது.

இறையருளால் பிள்ளைப்பேறு நலமாக முடிந்து, மகளுக்கு இப்பொழுது ஒன்பது வயது. சில ஆண்டுகளுக்குப் பின் துணைவியாரின் நாடித்துடிப்பு ஒழுங்கு தப்பிற்று. இரத்த அழுத்தமும் சற்றே ஏறிற்று. கசிவு நடுத்தரம், அறுவைக்கு இன்னும் காலம் வரவில்லை, மருந்தும் ஆறு மாதத்திற்கு ஒரு எக்கோவும் போதும் என்றார் மருத்துவர். மாத்திரைகள் நான்கு; இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி ஒன்று. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் காட்டி இந்தியில் விளக்கினார். அவற்றுள் ஃப்ரூஸ்மைடு என்னும் மாத்திரையைக் காட்டி, “இது தண்ணீர் மாத்திரை, காலையில் தரவும்” என்றார். அதற்கு மேலும் நாலு வாக்கியம் சொன்னார். வெளியே வரிசை நீண்டிருந்தது. எமக்கும் அலுவலகத்திற்கு நேரமாகிவிட்டது. தாழ்வாரத்தில் நடந்தவாறே துணைவியாரிடம், “இவை மூன்றும் இதய மாத்திரை, இது நீர் பிரிவதற்கான மாத்திரை” என்று சொன்னோம்.

பிழை அங்கேதான் விழுந்தது. சொன்னது பொய்யன்று, ஆனால் பாதி. நாலு வாக்கியங்களை நாம் ஒன்றாக்கிவிட்டோம். மூன்று இதயத்திற்கு, நான்காவது சிறுநீருக்கு என்று அவர் மனத்தில் பதிந்தது. நீர்க்கடுப்பு வந்தால் கொள்ளும் மருந்து போல அதுவும் ஒரு துணை மருந்து என்றே அவர் எண்ணிக்கொண்டார். எண்ணியதை எம்மிடம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன், தை மாதத்தில், எம் அத்தை மகனுக்குக் கும்பகோணத்தில் திருமணம். பாஸ் எடுத்தோம், விடுப்பும் கிடைத்தது. நாக்பூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். மாலையில் ஏறினால் மறுநாள் பகலில் சென்னை. பின்னர் அன்றிரவு வேறு வண்டியில் ஊர். இப்பயணத்தில் நம் பெண்டிர் படும் பாட்டை வாசகர் அறிவர். கூட்டத்தில் கழிப்பறை வரை போய்வருவதற்கே ஒரு பயணம் வேண்டும். புறப்படும் நாள் காலையில் துணைவியார் தயங்கித் தயங்கி, “என்னங்க, வண்டியில் நாலு தடவை எழுந்து போக முடியாது. அந்த நீர் மாத்திரையை மட்டும் ஊர் போய்ச் சேரும் வரைக்கும் விட்டுவிடட்டுமா?” என்று கேட்டார்.

நாம் பெட்டிக்குப் பூட்டுத் தேடிக்கொண்டிருந்தோம். “இரண்டு நாள்தானே, விட்டுவிடு” என்றோம். அந்தச் சொற்களை இன்று நினைத்தாலும் உள்ளம் கூசுகிறது. அலுவலக ஏட்டில் ஒரு வரி விடுபட்டால் உறக்கம் வாராத நாம், வீட்டு ஏட்டில் ஒரு பத்தியையே வெற்றிடமாக விடச் சொன்னோம்.

இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. மூன்றாம் நாள் மாப்பிள்ளை அழைப்பு. நான்காம் நாள் முகூர்த்தம். பட்டுப்புடவையும் மண்டபத்துக் கூட்டமும் கண்டு அவர் மாத்திரையைத் தொடவே இல்லை. பந்தியில் ஊறுகாயும், அப்பளமும், வத்தற்குழம்பும் தாராளம். ஊர்ச் சாப்பாட்டிற்கு ஏங்கியவரை வேண்டாமென்று தடுக்க எமக்கு மனம் வரவில்லை. முகூர்த்தத்தன்று மாலை கால் வீங்கியிருந்தது. நெடுநேரம் நின்றதால் என்றோம். இரவு படுத்ததும் இருமல் வந்தது. பனி என்றோம். அத்தை பரிவோடு சுக்கும் ஓமமும் தட்டிக் கஷாயம் வைத்துத் தந்தார். நள்ளிரவுக்குப் பின் கண் விழித்துப் பார்த்தால், துணைவியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். “படுத்தால் தண்ணீரில் அமிழ்வது போல இருக்கிறது” என்று துண்டு துண்டாகச் சொன்னார். உதடு வெளுத்திருந்தது, நெற்றி சில்லிட்டிருந்தது. மகள் எழுந்து அழத் தொடங்கினாள். மாப்பிள்ளை வீட்டுக் காரிலேயே பக்கத்து நகரத்து மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே இரவுப் பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். பிராணவாயு வைத்தார்; நரம்பில் ஊசி போட்டார். அவ்வூசி வேறன்று, வீட்டுப் பெட்டியில் நாம் கட்டிவைத்திருந்த அதே ஃப்ரூஸ்மைடுதான். அரை மணிக்குள் நீர் பிரியத் தொடங்கிற்று. விடியுமுன் மூச்சு அடங்கி, துணைவியார் தலையணையில் சாய்ந்தார். அதுவரை எம்மிடம் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர், பின்னர் அவரிடமே தமிழில் கேட்டார்: “மாத்திரை எதையாவது விட்டீர்களா அம்மா?”

“இதய மாத்திரை ஒன்றுகூட விடவில்லை டாக்டர். நீர் மாத்திரையை மட்டுந்தான் நாலு நாளாகப் போடவில்லை.”

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. “அதுவும் இதய மாத்திரைதான் அம்மா” என்றார்.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த நாம் தலை குனிந்தோம். நாலு ஆண்டுகளாக நாம் சொல்லாமல் விட்டதை அவர் மூன்று சொற்களில் சொல்லிவிட்டார்.

காலையில் மீண்டும் வந்தவர், துணைவியாரின் ஊர்ப் பெயரைக் கேட்டறிந்து, அவருக்குப் புரியும் வழியில் விளக்கினார். “வாய்க்கால் மதகு பார்த்திருப்பீர்கள். மதகுப் பலகை விரிசல் விட்டால் வயலுக்குப் போகிற தண்ணீர் பின்னால் கசிந்து மேட்டில் தேங்கும் அல்லவா? உங்கள் வால்வு அந்தப் பலகை. மேட்டில் தேங்குவதுதான் நுரையீரலில் கோக்கும் நீர். நீர் மாத்திரை, மிகையான தண்ணீரையும் உப்பையும் சிறுநீரகத்தின் வழியே வடித்துவிடுகிறது. எனலாப்ரில் என்னும் மாத்திரை, இரத்தக்குழாய்களை விரித்து, முன்னே போகும் வாய்க்காலை அகலமாக்குகிறது. இதயம் பலமாகத் தள்ளவேண்டியதில்லை. மெட்டோப்ரோலால், தறிகெட்டு ஓடும் துடிப்பை நிதானப்படுத்துகிறது. துடிப்பு ஒழுங்கு தப்பியவர்களுக்கு மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அப்படி உறையாமல் காப்பது அசினோகூமரால். பென்சிலின் ஊசி, பழைய காய்ச்சல் மறுபடி வந்து பலகையை மேலும் கெடுக்காமல் காவல் காக்கிறது. ஒன்று ஒரு வேலை. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.”

துணைவியார் முழுதும் கேட்டுவிட்டு, “அப்படியானால் பலகையைச் சரிசெய்கிற மாத்திரை எது?” என்றார். நாலு ஆண்டுகளில் அவர் தாமாக ஒரு மருத்துவரிடம் கேட்ட முதற் கேள்வி அது.

“அப்படி ஒன்று இல்லை அம்மா” என்றார் மருத்துவர். வாசகர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டுகிறோம். வால்வே பழுதுபட்ட கசிவை மருந்து அடைப்பதில்லை. அதனால் வரும் தொல்லைகளைத் தடுக்கிறது, இதயத்தைத் தளராமல் வைக்கிறது. கசிவு மிகுந்தாலோ, மருந்து கொண்டும் மூச்சு வாங்கினாலோ, இதயம் பெருக்கத் தொடங்கினாலோ, வால்வைச் செப்பனிடவோ மாற்றவோ அறுவைதான் வழி. வேறொரு வகைக் கசிவும் உண்டு. வால்வு நன்றாயிருக்கும்; மாரடைப்பினாலோ வேறு காரணத்தினாலோ இதயத் தசை தளர்ந்து அறை விரிந்ததனால் கதவுகள் ஒன்றையொன்று எட்டாமல் போகும். அத்தகையோர்க்கு மருந்துகளே தசையைத் தேற்றிக் கசிவைக் குறைப்பதும் உண்டாம். எனவே, “அவருக்கு மாத்திரையிலேயே குறைந்துவிட்டதாமே” என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றொருவர் அறுவையைத் தள்ளிப்போடுவது தவறு. இருவர் நோயும் பெயரளவில்தான் ஒன்று.

மருந்து அறுவையைத் தள்ளிப்போடுமா என்பதை வல்லுநரே ஆராய்ந்திருக்கின்றனர். மகாதமனி வால்வில் கசிவுள்ளோர்க்கு நிஃபெடிபின் என்னும் மருந்து அறுவையை ஒத்திவைக்கும் என்று 1994ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு நம்பிக்கையூட்டிற்று. 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், நிஃபெடிபினோ எனலாப்ரிலோ கொண்டவர்க்கும் ஏதும் கொள்ளாதவர்க்கும் அவ்வகையில் வேறுபாடு காணப்படவில்லை. புதியதெல்லாம் மேல் என்பதும் இல்லை. வாதக் காய்ச்சலால் இதயம் கெட்டுத் துடிப்பும் தவறியவர்கள் சுமார் 4,500 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டனர். ரிவரோக்சபான் என்னும் புதிய மருந்தைவிட, அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும் பழைய வகை மருந்தே அவர்களில் உயிரிழப்பைக் குறைத்தது. பரிசோதனைக்கு அலைவது தொல்லை என்று முணுமுணுத்துவந்த நாம், இதை அறிந்தபின் வாய் மூடிக்கொண்டோம். ஐ.என்.ஆர். என்னும் அவ்வளவு பொதுவாக 2க்கும் 3க்கும் இடையே இருக்கவேண்டும் என்பர். குறைந்தால் உறைவு, மிகுந்தால் இரத்தப்போக்கு.

ஐந்தாம் நாள் வீடு திரும்பி, ஒரு வாரம் கழித்து நாக்பூர் வந்து, எமது பழைய மருத்துவரைக் கண்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின், “பயணம் என்று முன்பே கேட்டிருந்தால் வழி சொல்லியிருப்பேனே” என்றார். அம்மாத்திரையின் வேகம் ஒரு மணிக்குள் தொடங்கி ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடுமாம். மாலை வண்டிக்குக் காலையிலேயே மாத்திரை கொண்டிருந்தால், வண்டி ஏறுமுன் எல்லாம் முடிந்திருக்கும். வண்டியிலேயே பொழுது விடியும் நாளில், இறங்கியபின் பகலில் கொள்ளலாம். “நேரத்தை என்னிடம் கேட்டு மாற்றுங்கள், நாளை விடாதீர்கள்” என்றார். நாலு நாள் துன்பத்தைத் தவிர்க்க ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

அன்று முதல் எம் வீட்டில் ஒரு ஏடு இருக்கிறது. பார்சல் அலுவலக ஏட்டைப் போலவே கோடு போட்டது. மாத்திரையின் பெயர் தமிழெழுத்தில். அதனெதிரே அது செய்யும் வேலை, மருத்துவர் சொன்ன மதகுக் கதையின் சொற்களில். எழுதியவர் துணைவியார், நாம் அல்லோம். நாள்தோறும் காலையில் எடை பார்த்து அதில் எழுதுகிறார். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையன்று, நீர்; உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். மருத்துவமனையில் இப்பொழுது அவசரமாகத் தாழ்வாரத்தில் நடப்பதில்லை. ஒரு பெஞ்சில் அமர்ந்து, கேட்டதெல்லாவற்றையும் சொல்கிறோம். அவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். அவர் சொல்வது மருத்துவர் சொன்னதோடு ஒத்திருந்தால்தான் எழுகிறோம்.

நம்மவர் இல்லங்களுக்கென்று சில சொற்கள். ஊரிலிருந்து ஊறுகாயும் வடாமும் கருவாடும் வருவது அன்பின் அடையாளம். ஆயினும் இதய நோயாளர் உள்ள வீட்டில் அவை உப்பு மூட்டைகள். உடல்நலம் உள்ளவர்க்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு கரண்டிக்கு மேற்படாமல், உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பையும், இளநீரையும் மருத்துவரைக் கேளாமல் கொள்ளலாகாது. எனலாப்ரில் போன்ற மருந்து கொள்வோர்க்கு உடலில் பொட்டாசியம் மிகுந்து இதயத்துடிப்பைக் கெடுக்கக்கூடும். அசினோகூமரால் கொள்வோர் கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் கீரை, மறு வாரம் அறவே இல்லை என்றில்லாமல் ஒரே அளவாய்க் கொள்ளவேண்டும். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பலவும் உடலில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தை வருத்தும், இரத்தப்போக்குக்கும் இடந்தரும். தாய்மை அடைய விரும்பும் பெண்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். எனலாப்ரிலும் அசினோகூமராலும் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை.

எல்லாவற்றிலும் மேலாக, பிள்ளைகளின் தொண்டைவலியை அலட்சியம் செய்யாதீர்கள். காய்ச்சலோடு தொண்டை புண்ணானால் மருத்துவரிடம் காட்டி, அவர் தரும் மருந்தை நாள் கணக்குத் தவறாமல் முடியுங்கள். நோய் வெளியே தெரியுமுன்பே எக்கோவில் கண்டறிந்த பிள்ளைகளுக்கு உகாண்டா நாட்டில் இரண்டாண்டு பென்சிலின் ஊசி போட்டுப் பார்த்தனர். ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே நோய் முற்றிற்று. போடாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு முற்றிற்று. பத்து வயதில் எம் துணைவியாருக்குக் கிடைக்காத அந்த ஊசி எளிய மருந்துதான்.

இவ்வாண்டு எடுத்த எக்கோவில் கசிவு கூடவில்லை. ஒருநாள் அறுவை வேண்டிவரலாம் என்பதை இருவரும் அறிந்தே இருக்கிறோம். அந்நாள் வரும்போது இதயம் தளராமல் இருக்கவேண்டும். மருந்து காப்பது அதைத்தான். சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் வழக்கம்போல எம்மை நோக்கிப் பேசத் தொடங்கினார். துணைவியார் ஏட்டைத் திறந்து அவர் முன் வைத்து, தட்டுத்தடுமாறிய இந்தியில், “இந்தத் தண்ணீர் மாத்திரை, டாக்டர், இதுவும் இதயத்துக்குத்தான். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். எத்தனை மணிக்குப் போட்டுக்கொள்ளட்டும்?” என்று தாமே கேட்டார். நாம் வாய் திறக்கவில்லை. அன்று எமது சம்பளமில்லா உத்தியோகத்தில் பாதி குறைந்தது. மீதியும் விரைவில் குறையுமென்று நம்புகிறோம்.